ரூப்குண்ட் ஏரியின் எலும்புகள்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் இறந்தவர்களின் எலும்புகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். மங்கல நாளில் மயானப் பேச்சா என்று முகம் சுளிப்போரும் இருக்கலாம். ஆயினும் இன்று எடுத்துக்கொண்ட பொருளில் எலும்புக்கு இருக்கும் இடம் கதைக்கும் உண்டு. ஒரு கதை மக்களிடையே பிறந்து, பாட்டாகி, வழிபாடாகி, பின்னர் அறிவியலாரின் ஒப்புதலையும் பெற்று நிலைத்துவிட்டது. அப்படி நிலைத்த கதை 2019ஆம் ஆண்டில் நடுவே பிளந்தது. பிளந்த இடத்திலிருந்து வெளிப்பட்டவர்கள் எந்தக் கதையிலும் இடம்பெறாத மாந்தர்கள். அவர்களைப் பற்றியதே இவ்வுரை.

உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், 7,120 மீட்டர் உயர்ந்து நிற்கும் திரிசூல் மலையின் அடிவாரத்தில், கடல் மட்டத்திற்கு மேல் 5,029 மீட்டர் உயரத்தில் அமைந்தது ரூப்குண்ட். ஏரி என்ற பெயர் அதற்குச் சற்றே மிகை. குறுக்களவில் ஏறத்தாழ 40 மீட்டர்தான் இருக்கும். நம்மூர்க் கோயில் தெப்பக்குளங்கள் பலவும் இதனினும் பெரியவை. ஆண்டின் பெரும்பகுதி அது உறைபனியால் மூடிக் கிடக்கும். கோடையின் இறுதியில் சில வாரங்கள் பனி உருகும்போது, நீரின் அடியிலும் கரைச் சரிவிலும் மனித எலும்புகள் வெளிப்படும். மண்டையோடுகள், தொடை எலும்புகள், விலா எலும்புகள் எனக் கற்களோடு கற்களாகக் கலந்து கிடப்பவை சில நூறு மாந்தர்க்கு உரியவை. சிலவற்றில் தசையும் முடியும் கூட ஒட்டியிருந்தன. மலைக்குளிர் செய்த பேருதவி அது.

1942ஆம் ஆண்டில் அவ்வழியே சென்ற வனத்துறை அலுவலர் ஒருவர் இவற்றைக் கண்டு மேலிடத்துக்குத் தெரிவித்தார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. திருட்டு வழியாக இமயத்தைக் கடக்க முயன்ற சப்பானியப் படையினரின் உடல்களோ என்ற ஐயம் அப்போது எழுந்ததாகச் சொல்வர். எலும்புகள் அவ்வளவு புதியவை அல்ல என்று தெரிந்ததும் அந்த அச்சம் நீங்கிற்று. அடுத்து 1841ஆம் ஆண்டில் திபெத்தின்மீது படையெடுத்த தளபதி சொராவர் சிங்கின் வீரர்கள் என்றனர். திபெத்திய வணிகர் என்றார் ஒரு சாரார். கொள்ளை நோயில் மாண்டவர் என்றார் வேறொரு சாரார். 1950களில் மானிடவியல் அறிஞர் டி. என். மஜும்தார் எலும்புகளை ஆராய்ந்தார். சுவாமி பிரணவானந்தரும் ஏரிக்குச் சென்று வந்து எழுதினார். மிதியடிகளும் வளையல்களும் மூங்கில் கோல்களும் கிடைத்தனவேயன்றிப் படைக்கருவிகள் கிடைக்கவில்லை. எலும்புகளில் பெண்களுடையவையும் இருந்தன. எனவே போர்வீரர் என்ற கருத்து நிற்கவில்லை.

அறிஞர் இவ்வாறு தடுமாறிக்கொண்டிருக்க, மலையடிவாரத்துச் சிற்றூர்களில் வாழ்ந்தோர்க்கு எவ்வித ஐயமும் இருந்ததில்லை. அவர்களிடம் ஒரு கதை இருந்தது; அதைப் பாடுவதற்குப் பாட்டும் இருந்தது.

கட்வால், குமாவோன் மலைநாடுகளின் தெய்வம் நந்தாதேவி. அவள் அம்மக்களின் மகள். கயிலையிலுள்ள சிவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். தாய்வீட்டுக்கு வந்து திரும்பும் மகளைப் புகுந்த வீடு வரை கொண்டுசென்று விடுவதே நந்தாதேவி ராஜ்ஜாத் எனப்படும் பெரும் பயணம். பன்னீராண்டுக்கு ஒருமுறை என்பது மரபாயினும் கணக்குத் தவறுவதுண்டு. 2000ஆம் ஆண்டுக்குப் பின் 2014ஆம் ஆண்டிலேயே அது நடைபெற்றது. நான்கு கொம்புடைய ஆட்டுக்கடா ஒன்று முன்னே செல்ல, நௌட்டி என்னும் ஊரில் புறப்படும் கூட்டம் புல்வெளிகளையும் பனிச்சரிவுகளையும் கடந்து ஹோம்குண்ட் என்னும் இடத்தில் அந்தக் கடாவை மலையை நோக்கி விட்டுவிட்டுத் திரும்பும். வழியனுப்பும் பெண்கள் அழுது பாடுவர். மகளை மறுவீட்டுக்கு அனுப்பிய எந்த ஊர்த் தாய்க்கும் அந்த அழுகை புரியும். அமெரிக்க மானிடவியலார் வில்லியம் சாக்ஸ் இப்பயணத்தை ஆராய்ந்து 1991ஆம் ஆண்டில் நூல் எழுதினார். அவர் கேட்டுப் பதிந்த பாட்டுகளுக்கும் ரூப்குண்ட் ஆய்வில் பின்னாளில் ஓர் இடம் கிடைத்தது.

பாட்டு சொல்லும் கதை இது. கன்னோசி நாட்டு மன்னன் ஜஸ்தவல் தன் நிறைமாத மனைவி பலம்பாவுடன் நந்தாதேவியின் மலைக்குப் பயணம் வந்தான். மலையேறுவோர் காக்க வேண்டிய ஒழுக்கங்களை அவன் காக்கவில்லை. ஆடல் மகளிரை உடன் அழைத்துவந்து, தூய நிலத்தில் ஆட வைத்தான். அவர்கள் ஆடிய இடம் பாதர் நசௌனி என்று இன்றும் சுட்டப்படுகிறது. அம்மகளிர் அங்கேயே மண்ணுக்குள் போயினர் என்பர். அரசியோ அம்மலையிலேயே பிள்ளை பெற்றாள். தன் நிலம் தீட்டுப்பட்டதென்று சினந்த தேவி இரும்பு போன்ற ஆலங்கட்டிகளைப் பொழிந்தாள். மன்னனும் சுற்றமும் பரிவாரமும் ஒருவர் எஞ்சாமல் மாண்டு ஏரியில் வீழ்ந்தனர்.

2004ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் முயற்சியால் ஆய்வுக்குழு ஒன்று ஏரிக்குச் சென்றது. வில்லியம் சாக்சும் அதில் இருந்தார். சில மண்டையோடுகளின் உச்சியில் குழிவான முறிவுகள் காணப்பட்டன. அவை ஆறுவதற்கு முன்பே அம்மனிதர் இறந்திருந்தனர். வாளோ ஈட்டியோ ஏற்படுத்தும் வெட்டுகள் அல்ல அவை. உருண்டையான ஏதோ ஒரு பொருள் மேலிருந்து விழுந்து தாக்கியவை போல் இருந்தன. ஆலங்கட்டி மழை என்று அக்குழு முடிவு கட்டியது. ஆக்ஸ்போர்டில் நடந்த கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு கி.பி. 850ஐ ஒட்டிய காலத்தைச் சுட்டியது. பாட்டில் வந்த ஆலங்கட்டி மண்டையோட்டிலும் பதிந்திருக்கிறது என்பதைக் கேட்டு மகிழாதவர் யார்? ஒன்பதாம் நூற்றாண்டில், ஒரே நாளில், ஒரே புயலில், ஒரே யாத்திரைக் கூட்டம் மாண்டது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அன்று செய்த தொடக்கநிலை மரபணுச் சோதனையை வைத்து, மாண்டவருள் சிலர் மராட்டிய நாட்டுக் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட பிரிவினர் என்று பெயர் சூட்டும் அளவுக்குச் செய்திகள் போயின.

நாட்டார் கதையை நகைத்து ஒதுக்குவது ஒருவகைப் பிழை என்றால், ஒரு சான்று அதனோடு பொருந்தியவுடனே முழுக் கதையையும் மெய்யென்று கொள்வதும் பிழையே. ஆறாத முறிவுகள் தெளிவாகக் காணப்பட்டவை மூன்று பேரின் எலும்புகளில்தான். ஏரியில் கிடப்போரோ சில நூற்றுவர். மூவரின் மரணத்தைக் கொண்டு முந்நூறு பேரின் மரணத்தையும் விளக்கிவிட்டது 2004ஆம் ஆண்டின் முடிவு. அதைப் பெரும்பாலோர் அன்று கவனிக்கவில்லை.

பொதுவாகத் தொல்லியலார் கையாளும் வழியும் இங்கே அடைபட்டிருந்தது. நிலத்தில் புதையுண்ட பொருளுக்கு மண்ணடுக்கே சாட்சி. கீழடுக்கு முற்பட்டது, மேலடுக்கு பிற்பட்டது. ரூப்குண்டில் அடுக்கே இல்லை. பாறைச் சரிவும் பனிச் சரிவும் எலும்புகளை ஆண்டாண்டாகப் புரட்டிப் போட்டுள்ளன. போதாக்குறைக்கு, மலையேற வந்தோர் நினைவுப் பொருளாக மண்டையோடுகளை எடுத்துச் சென்றனர். எடுத்துச் செல்லாதோர் அவற்றைக் குவித்துவைத்துப் படம் பிடித்துக்கொண்டனர். ஓர் உடலின் எலும்புகள் முழுமையாக ஓரிடத்தில் கிடைப்பது அரிதாயிற்று. யார் யாருடன் கிடந்தார் என்று கேட்க இனி வழியில்லை. ஒவ்வோர் எலும்பையும் தனித்தனியே கேட்பது ஒன்றே எஞ்சிய வழி. அப்படிக் கேட்பதற்குரிய கருவியே தொன்மரபணுவியல்.

இத்துறையின் தந்தை எனத் தக்க சுவாந்தே பேபோவுக்கு 2022ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்ததை அன்பர்கள் அறிவர். உயிருள்ள உடலின் உயிரணுவில் டி.என்.ஏ. என்னும் மரபிழை நீண்ட நூல் போலச் சுருண்டிருக்கிறது. உயிர் நீங்கியதும் அது அறுபடத் தொடங்குகிறது. சில நூற்றாண்டுகளில் நூறு எழுத்துக்கும் குறைவான துண்டுகளாகிவிடும். வெப்பமும் ஈரமும் இச்சிதைவை விரைவுபடுத்தும், குளிர் தாமதப்படுத்தும். தென்னாட்டுத் தாழிகளில் கிடைக்கும் எலும்புகளில் மரபிழை அரிதாகவே எஞ்சுவதற்கும், இமயத்து எலும்புகளில் நன்கு எஞ்சியதற்கும் காரணம் இதுவே.

எஞ்சிய துண்டுகளைப் படிப்பதில் ஒரு பெரும் தொல்லை உண்டு. எலும்பைத் தொட்டவர், தும்மியவர், துடைத்தவர் எல்லாருடைய மரபிழையும் அதில் ஒட்டிக்கொள்ளும். கிடைத்தது இறந்தவருடையதா, எடுத்தவருடையதா என்று எப்படி அறிவது? இயற்கையே இதற்கு ஓர் அடையாளத்தை வைத்திருக்கிறது. மரபிழையின் நான்கு எழுத்துகளுள் ஒன்றான சைட்டோசின், காலப்போக்கில் வேதிமாற்றம் அடைந்து, படிக்கும்போது தைமின் போலத் தோன்றும். துண்டுகளின் நுனிகளில் இம்மாற்றம் மிகுதி. நுனி இவ்வாறு பழுதுபட்டிருந்தால் அத்துண்டு பழையது. பழுதில்லாதது நேற்று ஒட்டியது. ஏடு செல்லரித்திருப்பதைக் கண்டு அதன் பழமையை அறியும் சுவடி ஆய்வாளர்க்கு இம்முறை அயலாகத் தோன்றாது.

ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜ் குழுவினர், ஏரியிலிருந்து முன்பு எடுத்து வைக்கப்பட்டிருந்த எலும்புகளில் 72 பேரின் தாய்வழி மரபிழையை முதலில் படித்தனர். உயிரணுவின் ஆற்றற்கூடமான மைட்டோகாண்டிரியாவில் இருப்பது இது. ஓர் உயிரணுவில் நூற்றுக்கணக்கான படிகள் இருப்பதால் எளிதில் அழிவதில்லை. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவது. பலருடைய தாய்வழி இந்தியாவில் இன்று காணப்படுபவற்றோடு ஒத்திருந்தது. ஆனால் மேற்கு யூரேசிய மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் தாய்வழியினரும் எதிர்பாராத அளவில் இருந்தனர். இது ஒரே கூட்டம் அன்று என்ற முதல் குறிப்பு அங்கேதான் கிடைத்தது.

அதன்பின் வேலை விரிந்தது. லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்து நீரஜ் ராய், ஆர்வர்டு பல்கலைக்கழகத்து டேவிட் ரைக், அவர்தம் ஆய்வு மாணவி ஏடீன் ஹார்னி ஆகியோரும் வேறு பல நாட்டவரும் சேர்ந்து முழு மரபுத்தொகுதியை ஆராய்ந்தனர். பத்தாண்டுக்கு மேல் நீண்ட அவ்வுழைப்பின் முடிவு 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியாயிற்று. 38 பேரின் மரபுத்தொகுதி படிக்கத்தக்க அளவில் கிடைத்தது. அவர்களுள் 23 பேர் ஆண்கள். 15 பேர் பெண்கள். அந்த 38 பேரும் மூன்று பிரிவாகப் பிரிந்தனர்.

முதற்பிரிவினர் 23 பேர். இவர்கள் தெற்காசிய மக்களின் மரபினர். ஆனால் ஒரு குலமோ ஒரு குடியோ ஒரு வட்டாரமோ அல்லர். இந்தியத் துணைக்கண்டத்துப் பல்வேறு மக்களிடையே இன்று காணப்படும் வேறுபாட்டின் அகலம் இந்த 23 பேரிடையே காணப்பட்டது. முன்னர் ஒரே பிரிவுக்குப் பெயர் சூட்டியது எவ்வளவு அவசரம் என்பது இதனால் தெரிந்தது. மூன்றாம் பிரிவு ஒரே ஒருவர்; தென்கிழக்காசிய மரபினர். இடையிலுள்ள 14 பேர்தான் ஆய்வாளரை வியக்க வைத்தவர்கள். அவர்கள் கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதி மக்களின் மரபினர். இன்றைய மக்களுள் கிரீட் தீவினரும் கிரேக்க நாட்டினரும் அவர்களுக்கு மிக நெருங்கியவர்கள்.

இமயத்தின் 5,000 மீட்டர் உயரத்தில் கிரேக்கரா என்று கேட்டவுடன் எவர்க்கும் அலெக்சாந்தர் நினைவு வரும். அவன் விட்டுச்சென்ற யவனர்களின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிவிட்டால் கதை அழகாக முடிந்துவிடும். ஆய்வாளர் அந்த அழகுக்கு மயங்கவில்லை. யவனர் வழியினர் இம்மண்ணில் பல நூற்றாண்டு வாழ்ந்திருந்தால் இந்நாட்டு மக்களோடு கலந்திருப்பர். கலப்பின் சுவடு மரபிழையில் இருக்கும். இந்த 14 பேரிடம் அச்சுவடு இல்லை. பிறந்ததும் வளர்ந்ததும் அந்நாட்டிலேயே என்று கொள்வதுதான் பொருந்துகிறது.

காலக்கணிப்பு இன்னும் பெரிய அதிர்ச்சியைத் தந்தது. 38 பேரில் பெரும்பாலோரின் எலும்பிலும் தனித்தனியே கதிரியக்கக் கரிமம் அளக்கப்பட்டது. தெற்காசிய மரபினர் கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையானவர்கள். அவர்களுக்குள்ளேயும் ஒருவரது காலம் 675 முதல் 769 வரை என வந்தது. மற்றொருவரது காலம் 894 முதல் 985 வரை என வந்தது. இவ்விரு கால எல்லைகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை. அதாவது அவர்களும் ஒரே நாளில் மாண்டவர் அல்லர். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில், வெவ்வேறு பயணங்களில் உயிர் விட்டிருக்கிறார்கள். மத்தியதரை மரபினரும் தென்கிழக்காசிய மரபினரும் அதற்கு ஓராயிரம் ஆண்டுக்குப் பிற்பட்டவர்கள்; 17ஆம் நூற்றாண்டுக்கும் 20ஆம் நூற்றாண்டுக்கும் இடையே இறந்தவர்கள். அப்பதினால்வரும் ஒரே நிகழ்ச்சியில் மாண்டனர் என்று கொண்டு கணக்கிட்டால் அது 1800ஆம் ஆண்டை ஒட்டி அமைகிறது. இக்காலத்துக்குக் கணிப்பு இவ்வளவு அகன்றிருப்பதற்குக் காரணம், 1650க்குப் பின் காற்றுமண்டலத்துக் கதிரியக்கக் கரிமத்தின் அளவு ஏறியும் இறங்கியும் நின்றதுதான். வெவ்வேறு ஆண்டுகள் ஒரே அளவைக் காட்டிவிடுகின்றன.

உணவும் சாட்சி சொல்லிற்று. எலும்பின் கொல்லேஜன் புரதத்திலுள்ள கரிம, நைட்ரசன் ஓரிடத்தான்கள் ஒருவர் வாழ்நாளின் கடைசிப் பத்திருபது ஆண்டுகளில் எவ்வகை உணவை உண்டார் என்பதைக் காட்டும். நெல், கோதுமை, வாற்கோதுமை ஒருவகை. கம்பு, கேழ்வரகு, குதிரைவாலி முதலிய சிறுதானியங்கள் மற்றொரு வகை. இவை கரிமத்தை உட்கொள்ளும் முறை வேறாதலின் எலும்பில் பதியும் விகிதமும் வேறு. கட்வால் மலைநாட்டாரின் பழைய உணவே கேழ்வரகும் குதிரைவாலியும்தான். தெற்காசிய மரபினரின் எலும்பில் பலவகை உணவின் சுவடுகள் இருந்தன. சிலர் சிறுதானியம் உண்டவர், சிலர் உண்ணாதவர். வெவ்வேறு ஊரிலிருந்து வந்தவர் என்பதற்கு இதுவும் ஒத்துப்போகிறது. பதினால்வரின் எலும்பிலோ சிறுதானியத்தின் சுவடு இல்லை. கோதுமை, வாற்கோதுமை, நெல் போன்றவற்றை உண்ட, ஒரே தன்மையான உணவினர் அவர்கள். கடலுணவும் மிகுதியாக இல்லை. ஆகவே கடற்கரையைவிட உள்நாட்டில் வாழ்ந்தவராக இருக்கலாம். அவர்கள் பிறந்த காலத்தில் கிழக்கு மத்தியதரைப் பகுதி ஒட்டோமன் துருக்கியரின் ஆட்சியில் இருந்தது.

இன்னும் இரண்டு செய்திகள் கிடைத்தன. 38 பேருள் எவரும் எவர்க்கும் நெருங்கிய உறவினர் அல்லர். தாய் மகனோ, உடன்பிறந்தோரோ, பெற்றோரின் உடன்பிறந்தோர் மக்களோ அவர்களிடையே இல்லை. அரச குடும்பம் தன் சுற்றத்தோடு மாண்டது என்ற பாட்டுக்கு இது ஒத்துவரவில்லை. அடுத்து, நோய்க்கிருமிகளின் மரபிழையைத் தேடியபோது எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காமை இல்லாமைக்குச் சான்று ஆகாது. எனினும் கொள்ளை நோய் என்ற கருத்து வலுவிழந்தது.

நந்தாதேவியின் பாட்டு இப்போது என்னவாயிற்று? முழுவதும் பொய்த்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. அப்பயணத்தைப் பற்றிய நம்பத்தக்க எழுத்துக்குறிப்புகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தொடங்குகின்றன. ஆனால் அருகிலுள்ள கோயில்களில் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையான கல்வெட்டுகள் உண்டு. அந்நூற்றாண்டுகளில் பல ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களுமாக வந்த யாத்திரிகர் அம்மலைவழியில் மாண்டனர் என்று கொள்வதற்கு 23 பேரின் எலும்பும் இடம் தருகிறது. அவர்களுள் சிலர்மேல் ஆலங்கட்டி விழுந்திருக்கவும் கூடும். பல பயணங்களில், பல தலைமுறைகளில் நிகழ்ந்த சாவுகளை ஒரு மன்னன், ஓர் அரசி, ஒரே நாள் என்று பாட்டு சுருக்கிக்கொண்டது. வாய்மொழி இலக்கியத்தின் இயல்பே அதுதான். நூறு பேரின் துன்பத்தை அழ வேண்டுமாயின் பாட்டுக்கு ஒரு பலம்பா வேண்டும். இதைக் குறையென்று கூறுவோர் பாட்டின் வேலையைச் செப்பேட்டின் வேலையோடு குழப்பிக்கொள்கின்றனர்.

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முற்பட்ட சாவுகளை நினைவில் வைத்த மலைநாடு, இருநூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு முன் மாண்ட அயலாரைப் பற்றி ஒரு சொல்லும் பாடவில்லை. நிறமும் மொழியும் உடையும் வேறான ஒரு கூட்டம், ஆணும் பெண்ணுமாக அவ்வூர்களின் வழியாகத்தான் மேலேறிச் சென்றிருக்க வேண்டும். உணவு கேட்டிருப்பர், சுமைகூலிக்கு ஆள் கேட்டிருப்பர். அவர்கள் திரும்பி வராததை யாரேனும் கவனித்திருப்பர். ஆயினும் பாட்டிலும் இல்லை, ஏட்டிலும் இல்லை. 38 பேரில் 14 பேர் என்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்பதையும் மறக்கலாகாது. இன்னும் ஆராயப்படாத எலும்புகளில் அவர்தம் கூட்டத்தார் மேலும் பலர் இருக்கலாம்.

அக்காலத்து இந்தியாவில் கிரேக்கர் இல்லாமல் இல்லை. கல்கத்தாவில் அவர்களுடைய வணிகக் குடியிருப்பு இருந்தது. ஏதென்சு நகரத்து திமித்ரியோஸ் கலானோஸ் என்பார் அவ்வணிகர்தம் பிள்ளைகளுக்கு ஆசிரியராக 1786ஆம் ஆண்டில் வந்தார். பின்னர்க் காசிக்குச் சென்று வடமொழி கற்று, பகவத்கீதை உள்ளிட்ட நூல்களைக் கிரேக்க மொழியில் பெயர்த்து, 1833ஆம் ஆண்டில் காசியிலேயே மறைந்தார். பதினால்வர் மாண்டதாகக் கணிக்கப்படும் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில், கங்கைக் கரையில் ஒரு கிரேக்கர் அமர்ந்து கீதை படித்துக்கொண்டிருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவருக்கும் அவர்களுக்கும் தொடர்பு இருந்தது என்று சொல்ல எவ்விதச் சான்றும் இல்லை. அப்படிச் சொல்ல முற்பட்டால் ஜஸ்தவல் மன்னனின் கதையைப் போல இன்னொரு கதை கட்டியதாகும்.

அவ்வாண்டுகளில் கட்வாலும் அமைதியாக இருக்கவில்லை. 1803ஆம் ஆண்டில் பெரும் நிலநடுக்கம் அந்நாட்டைக் குலைத்தது. 1804ஆம் ஆண்டில் கூர்க்கர் அதைக் கைப்பற்றினர். 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கூர்க்கரை வென்றனர். ஊரே சிதறிய காலத்தில் வழிப்போக்கர் சிலரின் மறைவு நினைவில் நில்லாமல் போயிருக்கலாம். இதுவும் ஊகமே. நந்தாதேவியின் மலைக்குக் கிறித்தவரோ முகமதியரோ ஆன அயல்நாட்டார் ஏன் ஏறினர், வழிபடவா, வணிகத்துக்கா, வேறெங்கோ போகும் வழியிலா என்ற கேள்விக்கு மரபிழை பதில் சொல்லாது. அவர்களுடைய முன்னோர் யாவர் என்பதை அது கூறும்; அவர்களுடைய சமயத்தையும் மொழியையும் நோக்கத்தையும் அது அறியாது. மரபிழை ஆய்வின் ஒவ்வொரு செய்தியும் வெளியாகும்போது, இன்ன இனத்தாரே இந்நாட்டின் முதல்வர், இன்னார் வந்தேறிகள் என்று மேடையேறி முழங்குவோர் இந்த எல்லையை உணர்தல் நன்று.

ஏரியில் எஞ்சியவற்றைக் காப்பது குறித்தும் ஒரு சொல். மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் தடை விதித்தது. புல்வெளிகளின் நலன் கருதிச் செய்த அத்தீர்ப்பால் ரூப்குண்ட் செல்வோர் கூட்டமும் தடைப்பட்டது. அதற்குள் எத்தனையோ மண்டையோடுகள் மலையிறங்கிப் போய்விட்டன. அப்படிப் போனவற்றுள் ஒவ்வொன்றும் காலமும் ஊரும் உணவும் சொல்லக்கூடிய ஒரு சாட்சி. வீட்டு அலமாரியில் அது வெறும் எலும்பு.

மூன்றாம் பிரிவில் தனித்து நிற்கும் அந்த ஒருவரைப் பற்றிப் பேச்சு அதிகம் எழுவதில்லை. தென்கிழக்காசியாவில் வேர்கொண்ட மரபினர் அவர். அவருடைய காலமும் பதினால்வரின் காலமும் கணிப்பில் ஒத்துவருகின்றன. அவர்களோடு ஒரே வழியில் ஏறினாரா, வேறோர் ஆண்டில் வேறொரு துணையோடு வந்தாரா என்பது தெரியவில்லை. அவர் எலும்பு, மற்றவர் எலும்புகளோடு, ஆய்வுக்கூடத்தில் ஓர் எண்ணைத் தாங்கி இருக்கிறது.